வயிற்றுவலி என்றேன்

22-4-1936, புதன்
நேற்று மாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். அதைப் பிடுங்கும்வரை ஊரார் யாரும் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது. எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவி மயிலாத்தாள் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கணபதிக்குத் தாய்வீடு போவதும் இதனால் தள்ளிப்போயிற்று. மூடத்தனம்! பத்திரிகைக்கு ஒரு கட்டுரை ஆரம்பித்திருக்கிறேன்.

24-4
கட்டுரை வெளிவந்தால் அப்பா என்ன செய்வார்? ஊர்க்கவுண்டரின் மகனே எழுதினான் என்பார்கள். சொல்லட்டும்.

29-4
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தா. கை கழுவியும் ரத்த நாற்றம் போகவில்லை.

நேற்றுக் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, வகுறு கல்லாட்டம் இறுகிக் கெடக்குதுங்க. புள்ள அசையவே மாட்டீங்குது." காலில் ரத்தம் கோடாக இறங்கியது.

எல்லை தாண்டித் தங்க அப்பாவின் சொல் வேண்டும். கோவிலுக்கு ஓடினேன். அவரைச் சுற்றி ஊர் ஆண்கள் எல்லோரும்.

"ஏண்டா இப்பிடி மூச்சு வாங்குது?"

ரத்தம் என்ற சொல் வாயில் வரவில்லை. பெண்டாட்டியின் ரத்தம், அத்தனை மீசைகளுக்கு முன்னால்.

"அவளுக்கு வவுத்துவலிங்கப்பா. கோயமுத்தூர் போகோணும்."

"வவுத்துவலிக்குக் கோயமுத்தூரா? ஓமத்தண்ணி வெச்சுக் குடு, போ."

"வலி யாருக்கு பாலுசாமி? மூஞ்சியப் பாத்தா உனக்காட்ட இருக்குது!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன்!

வீட்டுக்கு வந்து ஓமத்தண்ணி வைத்தேன். நிஜமாகவே வைத்தேன். குடித்ததும் வாந்தி. மத்தியானம் அவள் கண் செருகிய பிறகுதான் யாரையும் கேட்காமல் வண்டியைப் பூட்டினேன். வழியெல்லாம் வைக்கோல் நனைந்தது.

லேடி டாக்டர் சொன்னார்: "பிரசவத்துக்கு முன்னாலேயே நஞ்சுக்கொடி கருப்பையை விட்டுப் பிரிந்துவிட்டது. குழந்தைக்கு மூச்சும் சோறும் அது வழியாகத்தான். வெளியே வந்ததைவிட உள்ளே கட்டியிருக்கிற ரத்தம் அதிகம். எப்போது ஆரம்பித்தது?"

"காலையில்."

"அப்புறம் ஏன் இந்நேரம்?"



பெண் குழந்தை. அழவே இல்லை.

1-5
பிழைத்துவிடுவாள் என்கிறார்கள். இன்று சிறுநீர் இறங்கிற்றென்று நர்ஸ் சந்தோஷமாகச் சொன்னாள். ரத்தம் அவ்வளவு போனால் அதுவும் நின்றுவிடுமாம். அடுத்த பிள்ளைக்கும் இப்படி வரலாம், முதல் வலிக்கே கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர். முகம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கிறாள். என்னைப் பார்ப்பதில்லை.

9-5
அவள் கணபதியில், தாய்வீட்டில். ஊரிலோ, "கம்பம் நட்டப்பறம் எல்லை தாண்டுனா, ஆத்தா புள்ளைய எடுத்துக்கிட்டா" என்கிறார்கள். பழி அவள் தலையில்.

கட்டுரையை முடித்துப் போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஊரை, கம்பத்தை, அப்பாவை எல்லாம் கிழித்திருந்தேன். முழுக்கக் கேட்டாள்.

"இதுல நீங்க எங்கீங்க?"

காகிதங்களை மடித்தேன்.

"பேப்பர்ல வேண்டாமுங்க. வவுத்துவலின்னு பொய் சொன்னீங்களே, அந்த ஆம்பளைங்க முன்னால நின்னு சொல்லுங்க. அப்பறம் வாரேன்."

11-5
கட்டுரையை அடுப்பில் போட்டேன். எழுதுவது எவ்வளவு சுலபம். கூட்டத்தில் எப்படி வாய் திறப்பது? தூ, நானும் ஒரு சீர்திருத்தக்காரன்!

13-5, புதன்
திருவிழா முடிந்து நடந்த மறுபூஜைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ரத்தம், கருப்பை, நஞ்சுக்கொடி—ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. "ஆத்தா எடுக்கலீங்க. ரத்தம் போகுதுன்னு தெரிஞ்சும் நாந்தான் வவுத்துவலின்னு பொய் சொன்னேன்." ஒருவன் காறித் துப்பினான். ஒரு கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

14-5
வண்டியோடு கணபதி போனேன். மயிலாத்தாள் கட்டிலில் எழுந்து உட்காருகிறாள் இப்போது. நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாத்தையுமுங்களா?"

"எல்லாத்தையும்."

"அதுக்கு மொத நா ராத்திரியே இடுப்பு கழண்டு போறாப்பல வலிக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னனே. எழுதறப்பத் தொணதொணக்காதேன்னீங்க. அதையுமா?"

அதைச் சொல்லவில்லை. இங்கே, எனக்கு நானே எழுதுகிற இடத்திலும் எழுதவில்லை.

வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அதையும் சொல்ல, ஊர்க்கூட்டம் இனி அடுத்த வெள்ளிக்கிழமைதான்.