குதிக்கால் தழும்பு

மொன்றியல்
ஐப்பசி 12

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் மருமகன் றெனோல்டும் பேரன் மிதுசனும் அயர்லாந்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானை நேர்ந்துகொள்கிறேன். தம்பி தனுஜனுக்குத்தான் நாரிப்பிடிப்பு, புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி வந்த வினை, இரவில் எண்ணெய் பூசிவிடுகிறேன். அவன் மகள் வித்தியா என்னோடு பிரெஞ்சில் கதைக்கிறாள், நான் தமிழில் பதில் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் குறையில்லை.

நீ ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, பிள்ளைப்பேற்றுக்கு வாங்கோ அம்மா, பிளேன் ரிக்கற் போடவோ என்று கேட்கிறாய், நான் பார்ப்பம் என்று வைத்துவிடுகிறேன். போனில் காரணம் சொன்னால் நீ அழுவாய், பிறகு நான்தான் உன்னைத் தேற்ற வேண்டும், அதனால் எழுதுகிறேன். ஆவணியில் உன்னிடம் வந்து நின்றபோது அந்தத் தீவுக்குக் கப்பலில் கூட்டிப்போனாயே, அந்த நாள் எனக்கு இன்னும் செமிக்கவில்லை. நீங்கள் எல்லாரும் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தீர்கள். வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள் என்று நான் ஒருகாலம் வேண்டாமென்ற றெனோல்ட்தான், மாமி நீங்களும் ஒண்டு எடுங்கோவன் என்று கேட்டார். நீ என் முகத்தைக்கூடப் பாராமல், அம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, அவ இதில இருந்து பையளைப் பாக்கட்டும் என்றாய். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் காற்றுக்குள் இருந்தேன். நீங்கள் கல்மதில்களுக்கு நடுவால் மேடேறிப் போனது தெரிந்தது. கடல் விளிம்பில் பழைய கோட்டை பார்த்தீர்களாம், கடல்நாய் பார்த்தீர்களாம். நான் பை பார்த்தேன்.

அதைக்கூட விட்டுவிடுவேன். திரும்பி வந்து நீ சப்பாத்தைக் கழற்றினபோது மிதுசன் உன் குதிக்கால் தழும்பைக் காட்டி, இது என்னம்மா என்று கேட்டான். நீ சொன்னாய், சண்டைக்குள்ள அம்மப்பா என்னைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு வரேக்க கம்பிக்குள்ள மாட்டினது, அவர் சரியான வீரன் என்று. நான் பக்கத்தில் இருந்தேன், அஜந்தா. மருமகனுக்கு முன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி வயிற்றில் இருக்கும்போதே அப்பா வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டார். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது அவர் இந்த மொன்றியலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். குறை சொல்லவில்லை, அந்த உழைப்பில்தான் நாங்கள் இங்கே வந்தோம். சைக்கிள் அவருடையது, ஆம்பிளைச் சைக்கிள், பெடல் உழக்கினது நான். முன் பாரில் தலையணை கட்டித் தம்பி, பின் கரியரில் நீ. மழை. நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனத்துக்குள் உருட்டினேன், அங்கால்தான் ஏற இடம் கிடைத்தது. சாவகச்சேரி வரமுன் நீ தூங்கி விழ, கால் கம்பிக்குள் போனது. என் பாவாடைக் கரையைக் கிழித்துக் கட்டினேன். சின்னப்பிள்ளை, ஞாபகமில்லை என்பாய். பின்னே, விமான நிலையத்தில் அப்பாவைக் கண்டு, ஆரம்மா இந்த மாமா என்று என்னைக் கேட்டதும் ஞாபகமில்லையா. அவர் கண்ணை மூடின பிறகு நீ அவரைப் பெரிசாக்குகிறாய், ஆக்கு, ஆனால் என்னிடமிருந்து எடுத்து அவருக்குக் கொடுக்காதே.

இங்கே திரும்பி வந்த மறுநாளே வித்தியாவின் சைக்கிளை எடுத்து ஆற்றங்கரைப் பாதையில் ஓடிப் பார்த்தேன். முழங்கால் நொந்தது, விழவில்லை. தனுஜன் கண்டு, உங்களுக்கென்ன விசரோ என்று ஏசினான். அவனுக்கும் தெரியாது பார்.

நீ முதலில் றெனோல்டுக்கும் மிதுசனுக்கும் உன் வாயால் சொல். சொன்ன பிறகு ரிக்கற் போடு, வந்து உனக்குப் பத்தியச் சரக்கு அரைத்துத் தருவேன். சொல்லாவிட்டால் அங்கே ஆராவது மனிசியைப் பிடித்துக்கொள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, கொஞ்ச நேரம் விட்டுப் போடு. சுகமாய்ப் பெற்றெடு, பிள்ளை, தாயும் சேயுமாய் நல்லாயிரு.

இன்னொன்று. தீவில் அன்று காலையில் மிதுசனைப் பின் சீற்றில் இருத்தி, காலை அகட்டி வைச்சிரு, கம்பிக்குள்ள குடுத்திடாதை என்று நீ சொன்னாய். பாலத்தடியிலிருந்து நான் உனக்குச் சொல்லிக்கொண்டு வந்த சொல் அது. அதையும் அப்பா சொன்னதென்று அவனுக்குச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன்னை உழக்கிக்கொண்டு வந்த அம்மா
சிவநேசம்