முதல் செய்தி ஒரு திருத்தம்

என் பாசத்துக்குரிய அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதுவது உங்கள் வேலை, வாசிப்பது என் வேலை என்று இருபது வருடம் பழகிவிட்டேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் ஏழு மணிச் செய்திக்கு விருது கிடைத்திருக்கிறது அண்ணி. உள்ளூர் கேபிள் டிவிகளில் நீண்ட காலம் நிற்காமல் ஓடும் செய்திக்கான விருது. திருச்சியில் வைத்துக் கொடுத்தார்கள். கண்ணாடிக் கேடயம், நல்ல கனம். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். நீங்கள் இருந்திருந்தால், "என்ன கொழுந்தனாரே, கோட்டுக்குள்ள ஆளு இருக்கா இல்லியா?" என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் அப்படிக் கேட்க ஆளில்லை.

மேடையில் பேசியவர், "இவங்க செய்தியில தப்பு வந்துட்டா, மறுநாள் அதத்தான் மொதல் செய்தியா வாசிப்பாங்க" என்றார். பலத்த கைதட்டல். நான் குனிந்து கும்பிட்டேன். அது யார் போட்ட சட்டம் என்று எனக்குத் தெரியாதா?

பருத்தி ஏலம் ஞாபகம் வந்தது. நீங்கள் புதன்கிழமை என்று தெளிவாக எழுதிக் கொடுத்ததை நான் செவ்வாய்க்கிழமை என்று வாசித்துத் தொலைத்தேனே. அரியலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மூட்டைகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வந்து, ஏலக்கூடம் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நேராக நம் ஆபீஸுக்கு வந்துவிட்டார். "டிவிக்காரரே, ஒங்கள நம்பித்தான வந்தேன்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் செய்தியில் தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டுவிடலாம் என்றேன். நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். "கோளாறு மிஷினுக்கா, உங்க வாய்க்கா? தலைப்புச் செய்திக்கு முன்னாடி, சாக்குச் சொல்லாம படிங்க." படித்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று நீங்கள் கேட்டீர்கள். திருமழபாடிக்கு விடும் சிறப்பு பஸ்ஸின் நேரமாகட்டும், அரும்பாவூர் கரண்ட் கட் ஆகட்டும், தவறென்றால் மறுநாள் முதலில் அதுதான் என்பது அன்றிலிருந்து வழக்கமானது.

நேற்று ஏழு மணிக்கு விருதுச் செய்தியை வாசித்தேன். "செய்தி ஆசிரியரும் வாசிப்பாளருமான செந்தில்" என்றுதான் வாசித்தேன். கேடயத்திலும் அப்படித்தான் பொறித்திருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பியது நான். நீங்கள் போனபிறகு செய்தியை நான்தான் எப்படியோ ஒப்பேற்றுகிறேன் என்றாலும், இருபது வருடத்துக்கும் ஆசிரியர் யார் என்பதுதான் கேள்வி. இறந்தவர் பெயரைப் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அது பொய் அண்ணி. ஃபாரத்தில் ஆசிரியர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

செய்தி முடிந்து வீட்டுக்குப் போனால் உங்கள் மகள் காவியா நிற்கிறாள். இப்போது அரியலூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். வாரக் கடைசியில் வருவாள். கோபம் வந்தால் குரல் இறங்குவது அப்படியே நீங்கள்தான்.

"ஏன் சித்தப்பா, அம்மா பேரு எங்க?"

ஃபாரத்தில் ஒரு பெயருக்குத்தான் இடமிருந்தது என்று ஆரம்பித்தேன்.

"அம்மா செத்தன்னிக்கும் 'நமது நிறுவனரின் துணைவியார்'னுதான் படிச்சீங்க. இத்தன வருஷமா செய்தி எழுதுனவங்கன்னு ஒரு வார்த்த வரல. அன்னிக்கும் எடமில்லியா?"

அண்ணன் டிவியை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டேன்.

உங்கள் சாவுச் செய்திதான் நீங்கள் இல்லாமல் நான் எழுதிய முதல் செய்தி. அழுதுகொண்டேதான் எழுதினேன். அழுகையில் விட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இருபது வருடத்தில் ஒரு நாளாவது உங்கள் பெயரைத் திரையில் போடலாம் என்று எங்களில் யாருக்காவது தோன்றியதா? திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு மூச்சு வாங்க வாங்க போனில் செய்தி சொன்னீர்களே. "சின்ன வெங்காயம் வெல போட்டாச்சா?" என்று கேட்டீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அப்போதுகூடத் தோன்றவில்லையே. நீங்களும் ஏன் வாய்விட்டுக் கேட்கவில்லை? கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்?

இன்று காலை உங்கள் மேஜையில் உட்கார்ந்தேன். நீங்கள் போனபின் அதில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நான் வரி தாண்டிப் படித்துவிடாமல் இருக்க, வரிக்கு வரி இரண்டு விரல் இடம் விட்டு எழுதுவீர்களே, அப்படியே எழுதினேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் சாக்கு இருந்தது. மூன்றாவது இது:

"வணக்கம். முதலில் ஒரு திருத்தம். விருது பெற்ற இந்தச் செய்தியின் ஆசிரியர் செந்தில் என்று நேற்று வாசித்தோம். அது தவறு. இருபது ஆண்டுகள் இதை எழுதியவர் அரும்பாவூரில் பிறந்த வளர்மதி. அவர் காலமான அன்று அதைச் சொல்லாமல் விட்டதும் தவறு. இரண்டும் நான் செய்த தவறுகள்."

காவியாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. "ஏழு மணிக்கு நானும் ஆபீஸுக்கு வரேன் சித்தப்பா. கேமராவுக்குப் பக்கத்துல நின்னுக்கறேன்" என்றாள்.

கேடயத்தில் பெயரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செய்வார்களோ மாட்டார்களோ. இன்று ஏழு மணி என் கையில் இருக்கிறது. குரல் உடைந்தாலும் நிறுத்த மாட்டேன் அண்ணி. தலைப்புச் செய்திக்கு முன்னால், சாக்குச் சொல்லாமல் படிப்பேன்.

உங்கள் கொழுந்தன்
செந்தில்,
செய்தி வாசிப்பாளர்.