ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டுச்சாவடி

மார்ச் 17, 2024, ஞாயிறு

நேற்றுத் தேர்தல் தேதி வந்துவிட்டது. நமக்கு ஏப்ரல் 19. ஊரே ஐ.பி.எல். அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எனக்கு இதுதான் மேட்ச். சர்ச்சில் பிரசங்கம் ஓடும்போதே மனசுக்குள் தம்ப்நெயில் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா தொடையில் ஒரு கிள்ளு.

என் யூடியூப் சேனல் பெயர் 'பெரியகுளம் எம்.பி.' அப்படி ஒரு பாராளுமன்றத் தொகுதி இப்போது கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர். முதல் பொதுத்தேர்தலில் பிறந்து, 2004-இல் கடைசியாகத் தேர்தலைப் பார்த்து, மறுசீரமைப்பில் தேனியாகிப்போன தொகுதி. காங்கிரஸ், சுதந்திராக் கட்சி, முஸ்லிம் லீக், ரெண்டு கழகம் - அத்தனை பேரையும் டெல்லிக்கு ரயிலேற்றிப் பார்த்திருக்கிறது. கெத்து. "செத்துப்போன டீமுக்கு எம்மக ரசிகர் மன்றம் வச்சிருக்கா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிச் சிரிக்கிறார். பழனிசெட்டிபட்டியில் பைப்பும் மோட்டாரும் விற்கிறவருக்கு என்ன தெரியும்?

தேர்தலுக்கு ஒன்று என்று போட்டதில் ஒரே ஒரு எபிசோட்தான் பாக்கி. 2004.

மார்ச் 18

வைரம் கிடைத்தது!

நதியா வீட்டுக்குப் போயிருந்தேன். காலேஜில் மூணு வருசமாக ஒரே பெஞ்ச். அனுமந்தன்பட்டிக்கு மேற்கே ஆவரங்காட்டுப்பட்டி அவள் ஊர். திராட்சைத் தோட்டத்தில் அவள் அம்மா அக்கம்மாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அந்த வருசம் எங்க ஊர்ல ஒரு பொம்பளையும் ஓட்டுப் போடல ஆத்தா. ஆம்பளைக மட்டுந்தான் போனாக." அதற்குள் லோடு ஏற்ற வண்டி வந்துவிட்டது, ஓடிவிட்டார்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கு? ஆம்பளைகள் விட்டிருக்க மாட்டார்கள்.

மார்ச் 21

ஏத்தியாச்சு. 'பெண்களைப் பூட்டி வைத்த ஊர் | பெரியகுளத்தின் கடைசித் தேர்தல்'. தம்ப்நெயிலில் பெரிய திண்டுக்கல் பூட்டு. ஊர்ப் பெயரைச் சிவப்பில் போட்டேன்.

மார்ச் 22

ஏறுது ஏறுது ஏறுது.

மார்ச் 24

காலையில் நதியா போன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாருடி பூட்டுனது? எங்கம்மா அப்படிச் சொல்லுச்சா?"

இல்லை என்றேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். சித்திரையில் அவர்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டு. கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை என்பது ஓடை. ஓட்டுச்சாவடி ஓடைக்கு அந்தப் பக்கம், அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். வழக்கமாக முளைப்பாரி எடுக்கிறவர்கள் மட்டும்தான் கட்டுவார்களாம். 2004-க்கு முன்னால் மழையே இல்லை, கிணறெல்லாம் காய்ந்து கிடந்ததாம். ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் மழை கேட்டுக் காப்புக் கட்டிவிட்டார்கள். திருவிழாவுக்கு நடுவில் தேர்தல் வந்து விழுந்தது.

யாரும் பூட்டல. அவுகளாத்தான் போகல.

ஒத்தக் கேள்வி கேட்டிருக்கலாம்ல மகிமா, என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. இந்த வருசமும் காப்பு ஏப்ரல் 16, ஓட்டு 19. நதியாவுக்கு முளைப்பாரி நேர்ச்சை இருக்கிறது. இதுதான் அவளுக்கு முதல் ஓட்டு. காப்பை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லிப் பொம்பளைகள் கேட்டிருந்தார்கள். ஊர்க்கூட்டமும் சரி என்று சொல்லப்போன நேரத்தில் என் வீடியோ வந்து நிற்கிறது. நதியாவின் பெரியப்பா வீரணன்தான் ஊருக்குப் பெரியதனம், கூட்டத்தில் கடைசி வார்த்தை அவருடையது. அவர் சொல்லிவிட்டாராம்: "இப்பத் தேதிய மாத்துனா அந்தப் புள்ள சொன்னது நெசம்னு ஆயிரும். காப்பு பதினாறுதான்."

போனை வைக்கும்போது நதியா, "என் ஓட்டத்தான்டி நீ பூட்டிட்ட" என்றாள்.

வீடியோவை எடுத்துட்டேன்.

மார்ச் 25

எடுத்து என்ன? ரீல்ஸாக வெட்டி யார் யாரோ போட்டிருக்கிறார்கள். அந்தப் பூட்டு எல்லா இடத்திலும் தொங்குது.

மார்ச் 28

வீரணன் கடைக்கே வந்துவிட்டார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு இப்போதுதான் விசயமே தெரியும். சத்தம் போடவில்லை அவர். பத்து வருசமாக இந்தக் கடையில்தான் பைப் வாங்குகிறோம் என்று ஆரம்பித்தார். குமுளியில் ஏலக்காய்க் கடைக்காரன் ஒருவன் இவரிடம், வீட்டுக்கு எத்தனை பூட்டு என்று கேட்டுச் சிரித்தானாம். என் முகத்தைப் பார்க்காமல், "எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டுப் போன புள்ள" என்றார். அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டேன். அப்பாவும் கேட்டார். தேதியை மட்டும் மாற்றுங்க என்றேன்.

"அதச் சொல்ல நீ யாரும்மா?"

நியாயமான கேள்வி. அப்பா இம்மானுவேல் இன்றைக்கு யாரிடமும் ஜோக் அடிக்கவில்லை.

ஏப்ரல் 2

திருத்தம் வீடியோ போட்டேன். முகத்தைக் காட்டி, காப்பு, ஓடை, மழை எல்லாம் சொல்லி, தப்பு என்னுதுன்னு. பார்க்க ஆளில்லை. பூட்டு இல்லாத வீடியோவை எவன் பார்ப்பான்?

நதியாவுக்கு அனுப்பினேன். ஒரு டிக். பிளாக் பண்ணிட்டாளா?

ஏப்ரல் 9

இல்லை. ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, பார்த்திருக்கிறாள்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்தாச்சு. நாளை மறுநாள் காப்பு. எலெக்சனை இப்படி வெறுப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

நதியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்! வணக்கம் இல்லை, ஒன்றுமில்லை, நேராக விசயம். நாலு தடவை கேட்டேன்.

கோயில் வாசலில் கொட்டு அடித்து, பூசாரி மஞ்சள் கயிற்றுத் தட்டோடு வந்து நின்றாராம். வழக்கமாக முளைப்பாரி எடுக்கிற பொம்பளைகளுக்குத்தான் கட்டுவார். இந்தத் தடவை வீரணன் முந்திக்கொண்டு கையை நீட்டியிருக்கிறார். வீடியோவுக்குப் பயந்த ஊர் இல்லை இது என்று ஒரு ரோசம். அண்ணன் கட்டியபிறகு தம்பிகள் சும்மா இருப்பார்களா, வரிசையாக நீட்டிவிட்டார்கள். இளவட்டமெல்லாம் கட்டியாச்சு. அப்புறம் பொம்பளைகளைக் கூப்பிட்டால் ஒருத்தரும் நகரவில்லை. அக்கம்மாள் மட்டும் எழுந்து, "எங்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டுங்க பூசாரி. காலைல ஒரு சோலி கெடக்கு" என்றாராம்.

பிந்திக் கட்டுவது குத்தமா என்று வீரணன் பூசாரியைக் கேட்க, கோயிலில் பொங்கல் வைக்கிறதுக்கு முன்னால் எப்போது கட்டினாலும் ஆத்தாளுக்குச் சம்மதம்தான் என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஆம்பளைகள் அவரவர் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தார்களாம். கட்டினதை அவுக்கவும் முடியாது, ஓடையைத் தாண்டவும் முடியாது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வருது. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள மிரட்டி நிறுத்திட்டாகன்னா?

ஏப்ரல் 19, வெள்ளி

காலையில் முதல் ஆளாக இங்கே ஓட்டைப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று அப்பா கேட்கவில்லை. "பாத்து" என்றார்.

ஓடையை ஒட்டிய அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வெயில் ஏறியது. அடுத்த ஊர்க்காரர்கள் வந்து போனார்கள். ஆவரங்காட்டுப்பட்டியிலிருந்து ஒரு ஆளைக் காணோம். போச்சு என்று நினைத்தேன். என்னாலதான், எல்லாம் என்னாலதான்.

அப்புறம் வந்தார்கள். மொத்தமாக. சேலையைத் தூக்கிச் செருகி, ஓடை மணலில், அக்கம்மாள் முன்னால். நடுவில் நதியா, புதுத் தாவணியில். அக்கரையில் ஆம்பளைகள் வரிசையாக நின்றார்கள், கையில் மஞ்சள் கயிறு. ஒருத்தர் அங்கன இருந்தே தன் பெண்டாட்டியிடம், சின்னத்தை மறந்துறாதே என்று கத்தினார். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும். நீரு கயித்த அவுக்காமப் பாத்துக்கிடும்." அக்கரையிலும் சிரிப்பு. வீரணன் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு கிழவி மணலில் தடுமாறியபோது, பார்த்து நடத்திக் கூட்டிப் போங்க என்று அவர்தான் குரல் கொடுத்தார்.

2004-இல் ஆம்பளைகள் மட்டும். இன்றைக்குப் பொம்பளைகள் மட்டும். அதே ஓடை, அதே பள்ளிக்கூடம். இந்த மாதிரி ஒரு எபிசோட் என் ஆயுசில் இனிமேல் கிடைக்காது. கையில் இருந்த போனில் சார்ஜ் முழுசாக இருந்தது.

நதியா என் கையைத்தான் பார்த்துக்கொண்டே வந்தாள்.

போனை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். அவள் வரிசையில் போய் நின்றாள். ஓட்டுப் போட்டுவிட்டு அம்மாவோடு ஓடையில் இறங்கிப் போனாள்.

ஏப்ரல் 20

ராத்திரியே ஒரு போட்டோ வந்திருக்கிறது. காலையில்தான் பார்த்தேன். நதியாவின் இடது கை. விரலில் மை. மணிக்கட்டில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு.

'நல்லாருக்குடி' என்று அனுப்பினேன்.

ரொம்ப நேரம் கழித்துப் பதில்:

'முளைப்பாரிக்கு வா. போனை வீட்டுல வச்சுட்டு வா.'