எட்டு வேலைகள், பதினாறு நாட்கள்

நாள் 412 · 18:40
கரியமில வாயு 0.3 சதவீதம். வெப்பம் 21. நீர்ச் சுழற்சி சீர். எழுதுபவள் ஜெசிந்தா, செவ்வாய்த் தளத்தின் மண்ணியல் ஆய்வாளர். இப்போதைக்கு இங்கே நான் ஒருத்திதான். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம்.

இன்றைய எட்டு வேலைகளும் முடிந்தன: தண்ணீர், பல், மாத்திரை, காலை உணவு, உடல் துடைத்தல், உடற்பயிற்சி, இரவு உணவு, காற்று வடிகட்டியைச் சரிபார்த்தல். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நான் கவனச்சிதறலோடு பிறந்தவள். மண் மாதிரி கையில் கிடைத்தால் பதினொரு மணி நேரம் நகர மாட்டேன். பல் தேய்க்க மட்டும் எழ மாட்டேன்.

அதற்கு எனக்குக் கிடைத்த வைத்தியம் தாணுலிங்கம் அண்ணன். பூமிக் கட்டுப்பாட்டு அறையில் என் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்பவர், நாகர்கோவில்காரர். நான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அவரும் அங்கே கூடவே செய்வார். ஒருவர் "ஆச்சு" என்று சொல்லாமல் மற்றவர் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. குரல் ஒரு பக்கம் போய்ச் சேர இருபத்தொரு நிமிடம் ஆகும். ஆகவே என் பல் தேய்ப்பு முக்கால் மணி நேர வைபவம்.

இன்று வந்தது: "மக்ளே, நான் பிரஷ்ஷோட நிக்கேன். ஆபீஸ்ல எல்லாவனும் என்னப் பாத்துச் சிரிக்கானுவ. நீ தேச்சிட்டுச் சொல்லு, பொறவுதான் வாய் கொப்பளிப்பேன்."

நாள் 413 · 17:15
0.3. நாளை மறுநாள் மதியம் பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்துவிடும். பதினாறு நாள் பூமியோடு பேச்சு கிடையாது. கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி ஒன்று இரண்டு நாள் உழைக்கும். மொத்தம் எட்டு வேண்டும். உள்ளே மூன்று இருக்கின்றன. மற்றவை சேமிப்பறையில். வெளியே போகும் உடைகளும் அங்கேதான்.

சேமிப்பறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினொரு மாதத்துக்கு முன் அதன் சுவரில் பிளவு விழுந்து காற்று வெளியேறியது. உள்ளே என் சகா உமையாள் இருந்தாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. திறந்தால் இருவரும் போவோம். நான் இந்தப் பக்கம் நின்றேன். அவள் ஆறு நிமிடம் தட்டினாள்.

சுவரை அப்புறம் வெளியிலிருந்து ரோபோவை வைத்து அடைத்தாயிற்று. உள்ளே இப்போது நல்ல காற்று. இது எனக்குத் தெரியும், என் கைகளுக்குத் தெரியாது. அண்ணன் குரல் காதில் இருந்தால்தான் அந்தக் கதவைத் திறக்கிறேன். நாளை அவரை வைத்துக்கொண்டு ஐந்தையும் எடுத்துவிட ஏற்பாடு.

நாள் 414 · 19:00
வடிகட்டிகள் வரவில்லை. அட்டவணை வந்திருக்கிறது.

'ஒரு சின்னப் பட்டியல் போட்டுவிட்டுப் போவோம்' என்று காலையில் உட்கார்ந்தேன். பதினாறு நாள், எட்டு வேலை, நூற்றிருபத்தெட்டு கட்டம். வேலைக்கு ஒரு நிறம். நிமிர்ந்து பார்த்தால் ஒன்பது மணி நேரம் போயிருந்தது. அண்ணனின் நான்கு செய்திகள் கேட்காமல் கிடந்தன. கடைசிச் செய்தி: "மக்ளே, கதவுகிட்ட வந்துட்டியா? நானும் இங்க ஸ்டோர் ரூம் கதவப் புடிச்சிட்டு நிக்கேன். அவசரமில்ல. நீ வா."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய்க்கு எட்டு வண்ணம். வெட்கமாக இருக்கிறது. நாளைக் காலை முதல் வேலை கதவுதான்.

நாள் 415 · 06:30
தொடர்பு 05:50க்கே அறுந்துவிட்டது. கணக்கிட்டதைவிட ஆறு மணி நேரம் முன்னால். சூரியனில் ஏதோ கொந்தளிப்பு. கதவு வரை போனேன். திரும்பி வந்தேன்.

நாள் 418 · 16:20
0.4. ஆறு வேலைகள். அண்ணனின் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக்கொண்டு செய்கிறேன். பதிவில் இருக்கும் அண்ணன் காத்திருப்பதில்லை. நான் பற்பசையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே "சபாஷ் மக்ளே" என்கிறார். செய்யாத வேலைக்கு வாங்கும் சபாஷ் எரிச்சலாக இருக்கிறது.

நாள் 421 · 11:05
கடைசி வடிகட்டியும் தீர்ந்தது. பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். திறந்தே விட்டேன்! ஐந்து எடுக்கப் போனவள். முதல் பெட்டி கைக்கு வந்ததும் கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. கதவைச் சாத்திச் சக்கரத்தைத் திருகி முடித்த பிறகுதான் கையில் இருப்பது ஒன்று என்று உறைத்தது.

ஒன்று என்றால் இரண்டு நாள்.

நாள் 423 · 12:00
தீர்ந்தது. மூன்று முறை கதவு வரை போனேன். தட்டும் ஓசை கேட்கிறது. இல்லை என்று தெரியும். கேட்கிறது.

நாள் 426 · 15:30
2.6. தலைவலி. மாத்திரை போட்டேனா என்று யோசித்துக்கொண்டே மாத்திரை டப்பாவைத் திறந்து மூடி, திறந்து மூடி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்: எட்டு வேலை ஆறாகி, இன்று ஒன்று. தண்ணீர் குடித்தேன். பச்சைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

சின்ன வயதிலிருந்து எல்லாரும் சொல்வது, கொஞ்சம் மனசு வைத்தால் முடியும் என்று. மனசு வைத்துக்கொண்டுதான் இந்தக் கதவருகே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்குக் கோபமாக வருகிறது.

நாள் 429 · 13:10
5.1. மூச்சு வாங்குகிறது. எழுத்து இரண்டாகத் தெரிகிறது. சக்கரத்தைப் பாதி திருப்பினேன். கை தானாக எதிர்ப்பக்கம் திருப்பி மூடியது. அழுதேன். உமையாள், நான் திறந்திருக்க வேண்டுமா?

நாள் 431 · 10:02
6.8. தொடர்பு வந்துவிட்டது.

"மக்ளே! கேக்கியா? பதினாறு நாளும் ஒரு வேல விடாம உன் பேரச் சொல்லி நானும் செஞ்சேன். இன்னைக்கு இன்னும் ஒண்ணும் திங்கல. புட்டும் பயறும் தட்டுல இருக்கு. நீ சாப்பிட்டுட்டு ஆச்சுன்னு சொல்லு, பொறவு நான் கை வைக்கேன்."

உயிருள்ள குரல். கதவு வரை ஊர்ந்தேன். சக்கரத்தைப் பிடித்தேன். தட்டும் ஓசை இல்லை. பயமே இல்லை. பலம்தான் இல்லை. சக்கரம் அசையக்கூட இல்லை.

10:07
உண்மையைச் சொன்னால் அவருக்குக் கேட்க இருபத்தொரு நிமிடம். அவர் பதறுவது என்னிடம் வர இன்னொரு இருபத்தொன்று. அது வரை எனக்கு நினைவு இருக்காது. அவரால் எதுவும் செய்ய முடியாது. நின்று கேட்கத்தான் முடியும். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அவரை அங்கே நிறுத்த மாட்டேன்.

10:09
மூச்சை அடக்கிக்கொண்டு, குரல் நடுங்காமல் அனுப்பினேன்: "ஆச்சுண்ணே. சாப்பிட்டுட்டேன். நீங்க கை வைங்க."

10:30
இப்போது கேட்டிருப்பார். புட்டைப் பிசைவார். என் காற்றின் எண்கள் மணிக்கு ஒரு முறைதான் போகும். தொடர்பு வந்த பின் முதலாவது பதினொன்றுக்கு. அவருக்குச் சேரப் பதினொன்று இருபத்தொன்று. ஒரு வேளை சாப்பிட அது போதும் அவர் கொஞ்சம் மெதுவாகத்தான் சாப்