நடு ஆற்றில் நிற்கும் மோட்டார்

20-10-1972, வெள்ளி

நேற்று மோட்டார் நடு ஆற்றில் நின்று நின்று வந்ததில் எட்டு வீட்டு விசாரணை போச்சு.

எங்கள் படகை ஓட்டும் பக்கிரி அண்ணன் காலையில் கொல்லைப் படித்துறையில் வந்து நின்றார். முகமே சரியில்லை. அவர் இருப்பது கோரையாற்றுக்கு அந்தப் பக்கம், நடுத்திட்டு என்னும் மேட்டில். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த மனையை அவர்கள் பேரிலேயே எழுதிக் கொடுக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதற்குத்தான் நேற்று திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீசில் விசாரணை. எட்டு வீட்டாரும் படகேறினார்கள். மோட்டார் இருமுவதும் நிற்பதுமாக முத்துப்பேட்டை வந்து சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. பேர் கூப்பிட்டபோது பதில் சொல்ல ஆளில்லை. பண்ணையின் வக்கீல் மட்டும் இருந்தாராம்.

30-ஆம் தேதிக்கு வாய்தா போட்டிருக்கிறார்கள். அன்றும் வராவிட்டால் மனு தள்ளுபடி. பிறகு பண்ணை குடிசைகளைப் பிரித்துப் போடக் காத்திருக்கிறது.

“வரப்பு வழியா நடந்து, பாலத்தைச் சுத்தி வரக் கூடாதா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. குறுவை அறுப்பில் கூலித் தகராறு ஆனதிலிருந்து பண்ணை வரப்பில் முள் வெட்டிப் போட்டு, தடியோடு ஆள் நிற்கிறான். ஆற்றிலோ வெள்ளம், எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது. மோட்டாரை விட்டால் வேறு வழியில்லை.

21-10-1972

மோட்டாரைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பினாங்கில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஜெக்கரியா யாரிடமோ பழசாக வாங்கிக் கப்பலில் அனுப்பியது. எத்தனை கை மாறியதோ. இங்கே பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “லாரின்னா பாப்பேன், இது தண்ணி சமாச்சாரம்” என்று போய்விட்டார். நாகப்பட்டினம் கொண்டுபோகலாமென்றால் கட்சி இரண்டாக உடைந்த கலாட்டாவில் பஸ் எப்போது ஓடும், எப்போது கல்லடி படும் என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த இயந்திரம் தையல் மெஷின் ஒன்றுதான். ஆனால் ஒரு பொருளைத் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. இது வியாதிதான்.

பிளக்கைக் கழற்றினேன். கரி. துடைத்து உப்புத்தாள் போட்டேன். பெட்ரோலைப் பழைய துப்பட்டியில் வடிகட்டினேன். தண்ணீர் கலந்திருக்கவில்லை. டாங்கிலிருந்து குழாய் வைத்து உறிஞ்ச வேண்டியிருந்தது. நோன்பு என்பதால் அதைப் பக்கிரி அண்ணனிடம் விட்டேன். மாமி மெஹராஜ் பேகம் வாசற்படியில் நின்றபடியே, “நோன்பு மாசத்துல பொம்பளை மேல பெட்ரோல் நாத்தம்! பினாங்குல என் மவனுக்கு எழுதிப் போடுறேன் இரு” என்றார்கள். எழுதட்டும். அவர் சிரிப்பார்.

22-10-1972

மோட்டாரைப் பெரிய டிரம்மின் விளிம்பில் மாட்டி, டிரம் நிறையத் தண்ணீர் விட்டு ஓட்டினோம். ஒரே இழுப்பில் கிளம்பியது! டாங்கின் மூடியைத் திறந்து வைத்து, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலுக்கவில்லை. நிற்கவே இல்லை. நான்தான் நிறுத்தினேன்.

பெருமையோடு படகில் மாட்டி அனுப்பினேன்.

சாயங்காலம் பக்கிரி அண்ணன் திரும்பி வந்தார். “அலையாத்தி மரத்துக்கிட்ட போறப்பவே நின்னுடுச்சும்மா.”

பெருமையாவது ஒன்றாவது.

24-10-1972

என் கொல்லையில் ஓடுவது ஆற்றில் ஏன் ஓடமாட்டேன் என்கிறது? அங்கே அப்படி என்ன இருக்கிறது? நான் படகேறிப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். மாமியிடம் கேட்டேன். “பொம்பளை படகேறுறதாவது!” என்றார்கள். சரி, பக்கிரி அண்ணனைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

“நிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?”

“மொதல்ல நல்லாத்தான் போவும். அப்புறம் மூச்சு முட்டுறாப்ல இருமும். நின்னுடும்.”

“நின்னதும் என்ன செய்வீங்க?”

“எண்ணெ இருக்கான்னு தொறந்து பாப்பேன். பாதி டாங்கு இருக்கும். மூடிட்டு இழுப்பேன், கெளம்பிடும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிக்கும்.”

சூடுதான் காரணம் என்று நினைத்தேன். சற்று ஓய்ந்ததும் ஆறிவிடுகிறது, ஓடுகிறது. சரியாகத்தானே இருக்கிறது?

25-10-1972

சரியில்லை. மோட்டாரை மறுபடி டிரம்மில் மாட்டி, முன்போலவே பார்த்துக்கொண்டு, தண்ணீர் வெதுவெதுக்கும்வரை ஓட்டினேன். நிற்கவில்லை. சூடு இல்லை, கரி இல்லை, தண்ணீர் இல்லை. பின்னே என்னதான் வேணும் இந்தச் சனியனுக்கு? தலைவலி. நோன்புக் கஞ்சி குடித்த பிறகும் போகவில்லை.

26-10-1972

சமையலுக்கு எண்ணெய் ஊற்றும்போது தோன்றியது. நின்ற பிறகு பக்கிரி அண்ணன் இரண்டு காரியம் செய்கிறார்: சற்று ஓய்வு கொடுக்கிறார், மூடியைத் திறக்கிறார். மோட்டாரை எழுப்புவது இரண்டில் எது?

நாளைக்கு நின்றால் மூடியைத் தொடக் கூடாது, ஓய்வு மட்டும் கொடுத்து இழுக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். பைத்தியமா என்பது போல் பார்த்தார். ஆனாலும் தலையாட்டினார்.

27-10-1972

அல்ஹம்துலில்லாஹ். கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

சொன்னபடியே செய்திருக்கிறார். நின்றதும் பொறுத்திருந்து, தோள் வலிக்கும்வரை கயிற்றை இழுத்தாராம். அசையவில்லை. படகை வெள்ளம் இழுக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் மூடியைத் திறந்தார். “புஸ்ஸுன்னு ஒரு சத்தம்மா.” மூடிவிட்டு இழுத்ததும் கிளம்பிவிட்டது.

மூடி! எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் இறங்குமா? காற்று போக இன்னொன்று போட வேண்டாமா? இது ஒவ்வொரு அடுப்படியிலும் தெரிந்த விஷயம். டிரம்மில் ஓட்டியபோது நான் மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். அதனால்தான் ஓடியது. நானும் ஒரு புத்திசாலி!

மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் குங்குமம், அதற்கடியில் கல்லாக இறுகிய சந்தனம். தையல் ஊசியால் குத்தினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. கீழே கடுகளவு ஓட்டை.

“ஆயுதபூசைக்கு வச்சேம்மா,” என்றார் பக்கிரி அண்ணன். “அப்புறம் மக்கர் பண்ணவும் சாமி குத்தமோன்னு தெனமும் வச்சேன்.”

எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “எட்டு வீட்டுக்காரங்களும் என்னாலதானா நடு ஆத்துல நின்னாங்க?” என்றார். பாவமாக இருந்தது. நான் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

அப்போது மாமி உள்ளிருந்து சொன்னார்கள்: “அந்தச் சந்தனம் நான் குடுத்தது. நாகூர்ச் சந்தனம். கேட்டாரு, குடுத்தேன்.”

பிறகு நான், “இனிமே மூடியில வேணாம், மோட்டார் கால்ல வைங்க” என்றேன். “சாமிக்கு எங்க வச்சா என்ன,” என்று எழுந்தார்.

28-10-1972

நடுத்திட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டார். நிற்கவில்லை.

30-10-1972, திங்கள்

வெளுக்கும்போதே படித்துறைக்குப் போய் நின்றேன். மாமியும் வந்து நின்றார்கள்! எட்டு வீட்டாரையும் ஒரே நடையில் கொண்டுவந்து சேர்த்தது மோட்டார். பக்கிரி அண்ணனின் மனைவி காளியம்மாள் புதுப் புடவையை மடித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நனையாமல் இருக்கவாம். எங்கள் கொல்லையில்தான் மாற்றிக்கொண்டாள். பஸ்ஸும் நல்லவேளையாக ஓடியது.

இருட்டுவதற்குள் திரும்பினார்கள். “தாசில்தாரு மொதப் பேரு கூப்பிட்டதுமே எல்லாருமா சேந்து ‘இருக்கோம்’னு கத்திட்டோம்மா. ஒவ்வொருத்தரா சொல்லுங்கன்னு ஏசினாரு,” என்றாள் காளியம்மாள். உத்தரவு பிறகு வருமாம்.

பண்ணை சும்மா இருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

9-11-1972

பெருநாள். நடுத்திட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி பிரியாணி போனது. காலிச் சட்டியில் இறால் திரும்பி வந்தது.

21-1-1973, ஞாயிறு

உத்தரவு சாதகமாக வந்து, போன வாரம் நடுத்திட்டில் சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்து, எட்டு மனைக்கும் கல் நட்டுவிட்டுப் போனாராம். பண்ணை ஆள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தானாம்.

இன்று காளியம்மாள் வந்தாள். கொல்லையில் முளைத்துக் கிடக்கும் தேங்காய்களில் ஒன்று வேண்டும் என்றாள். “கறிக்கா? முளைவிட்டது ருசிக்காதே,” என்றேன்.

“நடத்தான்.”

அந்தத் திட்டில் இதுவரை யாரும் மரம் வைத்ததில்லை. பூசணி, அவரை, அதோடு சரி. மரம் வேர் விட்டால் நிலத்துக்குப் பாத்தியதை பேசுவார்கள் என்று பண்ணை ஆள் வந்து பிடுங்கிப் போட்டுவிடுவானாம். எனக்கு இத்தனை வருஷமாக இது தெரியாது. மோட்டாரைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவள், இதைக் கேட்டதே இல்லை.

மாமி தானே குனிந்து நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்கள். “நெட்டை ஜாதி. காய்க்க ஏழு வருஷம் ஆகும்” என்றார்கள்.

காளியம்மாள் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். “ஆவட்டும்மா. நாங்க அங்கதானே இருக்கப்போறோம்.”