பாட்டில் லாரி இல்லை

ராயபுரம்
12.8.1953

அன்பு மகன் செல்வநாதனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் உன் தங்கை ஞானசெல்வியும் நல்ல சுகம். பம்பாயில் மழை கொட்டுகிறதாமே, நனைந்த சட்டையோடு உட்கார்ந்து எழுதாதே. இங்கே சுகமில்லாதவர் உன் ஆசீர்வாதம் மாமா ஒருவர்தான், அதற்குக் காரணம் நீ பத்திரிகையில் எழுதுகிற தொடர்கதை.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிட்டார். டோல்கேட்டில் மிளகாய் மண்டி வைத்திருக்கிற பெரிய மனுஷரை நீ ஊர் சிரிக்க வைத்துவிட்டாயாம். அத்தனையும் கற்பனை என்று நீ எழுதிக்கொடுத்து, கதையையும் உடனே நிறுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் தன் மகனுக்கு ஞானசெல்வியை எடுக்க மாட்டாராம். நான் விடவில்லை. இதே சங்கதியைத்தானே இவன் முன்பு பாட்டாக எழுதினான், ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே ஓடியதையும் ஒரு தாய் பிள்ளையோடு தெருவில் நின்றதையும், அதைத் திருவிழாவில் மேடையேறி வாசித்து அழுதது நீங்கள்தானே அண்ணே என்று கேட்டேன். அது பாட்டு, இது என் லாரியாக்கும் என்று கத்தினார். வாஸ்தவம், பாட்டில் லாரி இல்லை. அதனால் அதைப் படித்து யாரும் அழலாம், விட்டுவிட்டு ஓடியவரும் அழலாம். கதையில் லாரி வந்துவிட்டது, அதில் மிளகாய் மூட்டைக்கு இடமிருந்ததும், உங்கள் இருவரையும் காய்ச்சலில் கிடந்த உன் தம்பியையும் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு இடமில்லாமல் போனதும் வந்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும். காப்பி கொண்டுவந்த ஞானசெல்வி, கல்யாணம் கிடக்கட்டும் மாமா, இந்தத் தடவையாவது லாரியில் எனக்கு இடமுண்டா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். அவர் காப்பியைத் தொடாமல் போய்விட்டார். அப்பாவுக்குத்தான் வருத்தம், அன்றைக்கு ஹார்பர் வேலையை விட்டு வர முடியவில்லையே என்று இன்னமும் குமைகிறார். ஆனால் நேற்று தானே போய் இந்த வாரப் பத்திரிகையை வாங்கிவந்தார்.

மீன்காரி மங்கை இருக்கிறாளே, அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஞானசெல்வியை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். பாட்டு கேட்டப்போ அழுவாச்சியா வந்துச்சு, வூட்டுக்குப் போயி மறந்துட்டேன், இது இன்னாம்மா, அந்தப் புள்ள பொழைச்சிச்சா இல்லியான்னு நெனைச்சிக்கினே படுத்துக் கெடக்கறேன், ஒரே பேஜாரா கீது என்கிறாள்.

நீ என்னடாவென்றால், மாமா முன்பே உனக்குப் போட்ட கடிதத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கும் வம்பு வேண்டாம், கதையை நிறுத்திவிட்டு இனிப் பாட்டோடு இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பாட்டு என்ன, பயந்தவன் ஒளிந்துகொள்கிற இடமா? வந்தால் எழுது, வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டெழுதியபோது நீ என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கடற்கரையில் உலாத்திவிட்டு வந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தாய். கதைக்குத்தான் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாய், அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது, மாமா போகும்போது என்ன சொன்னார், எந்தெந்த டாக்டர் வீடு பூட்டிக் கிடந்தது என்று. பதினொரு வருஷமாக யாரும் என்னைக் கேட்காததை நீ கேட்டாய். பதில் எழுத எழுத எனக்கு மூச்சு வந்தது. இப்போது நிறுத்துகிறேன் என்றால் நான் விடமாட்டேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும், உன் தங்கை ஒன்றும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி செபத்தை மறக்காதே. மாதா உன் கூடவே இருந்து உன் கைக்குப் பலம் தரட்டும். கதையில் ஒரு வரியும் மாற்றாதே, ஒன்றைத் தவிர. இதுவரை அவனைக் குழந்தை, குழந்தை என்றே எழுதிவருகிறாய், அது பாட்டெழுதிய பழக்கம். ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் அவனுக்கு இருக்கிறது. அவன் சாகிற அத்தியாயத்துக்கு முன்னால் அதை எழுதிவிடு.

இப்படிக்கு,
செல்வநாதன், ஞானசெல்வி, அருள்பிரகாசம் மூவருக்கும் அம்மா,
அடைக்கலமேரி