படகுத்துறைக்கு யார் பெயர்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் குழந்தையும் நலம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. ஆனாலும் மூச்சு சீராக வருகிறதா என்று நாலு தடவை எழுந்து பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலிலிருந்து புதிதாகச் செய்த கேம் படுத்துவிட்டது, உன் பழைய குறிப்புகளை அனுப்பு, இல்லாவிட்டால் என் வேலையும் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று கத்தரியும் போன் செய்தார். எதைக் கண்டாலும் வெட்டுகிற உங்கள் மேலாளருக்கு நான் வைத்த பெயர்தான். ஏழாம் மாதத்தில் என்னை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, போய்ப் பிள்ளை பெத்துக்கிற வேலையைப் பாரும்மா என்றவர், இப்போது நீங்கதான் மேடம் கைகொடுக்கணும் என்கிறார். பால் குடுக்கிற நேரம் சார், அப்புறம் கூப்பிடுங்க என்று வைத்துவிட்டேன். ஐந்து தடவை கூப்பிட்டார். ஐந்து தடவையும் பால்தான். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஏன் படுத்தது என்று கூட்டம் போடுகிறீர்களாமே. பழைய கேமின் மூன்று பாகங்களிலும் நான் செய்த படகுத்துறையில் ஆடுகிறவர்கள் படகுக்காக இரண்டு நிமிடம் சும்மா நிற்பார்கள். அதை அளந்து பார்த்து, சலிப்பு என்று முடிவு கட்டினீர்கள். சலிப்பில்லை, அக்கரையில் என்ன இருக்குமோ என்ற பயம். புதியதில் அந்த இடத்தில் கடையைத் திறந்து, காசு கட்டினால் உடனே படகு என்றீர்கள். பழைய ஆட்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். புதியவர்களுக்கு அது நூறு கேம்களில் பார்த்த அதே கடை. இந்த ஒரு காரணம் இலவசம். மற்ற நாற்பது காரணங்களும் என் அலமாரியில் இருக்கின்றன.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு புதியதைக் கடைசிவரை ஆடினேன். முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடியது. படகுத்துறை, மூல வடிவமைப்பு என்ற இடத்தில் உங்கள் பெயர். கத்தரி வெட்டுவார், தெரியும். வெட்டிய இடத்தில் நீங்கள் போய் உட்காருவீர்கள் என்று தெரியாது.

கேமின் அடுத்த திருத்தத்தில் அங்கே என் பெயர் வரட்டும். அன்றே குறிப்புகள் வரும். அதுவரை மூழ்கட்டும். மருந்துக்கடைக்குப் போகும்போதெல்லாம் உங்கள் வேலையை நினைத்துப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அனுப்பமாட்டேன்.

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கைப் படிவம் கொடுத்தார்கள். தாய் பெயர் எழுதிவிட்டேன். தகப்பன் பெயர்க் கட்டத்தில் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நன்றாக இருங்கள். திங்கட்கிழமைக்குள் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்